கருணையல்ல, உரிமை: அம்பேத்கரும் இ.எஸ்.ஐ. அட்டையும்

திருமுல்லைவாயிலிலிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்லும் தொழிலாளி தம் இ.எஸ்.ஐ. அட்டையை முதலாளியின் கருணை என எண்ணக்கூடும். அதன் வேர் அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் உள்ளது.

1891இல் மாவ் நகரில் பிறந்த அவர், பம்பாயின் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்களிடையே வாழ்ந்து படித்தார். 1928இல் பம்பாய் சட்டசபையில் பெண் தொழிலாளர்களுக்கான மகப்பேறு நல மசோதாவை ஆதரித்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார்.

1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கைக்கு வந்தது. மறு ஆண்டே, தொழிலாளர் நலவாழ்வுக் காப்பீட்டுக்குத் திட்டம் வகுக்கும் பொறுப்பு பேராசிரியர் அடார்கரிடம் ஒப்படைக்கப்பட்டது; 1944இல் அறிக்கை வந்தது. 1946இல் அம்பேத்கர் அப்பொறுப்பிலிருந்து விலகினார். ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது, 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறியது. 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் திட்டம் தொடங்கியது. 1956 டிசம்பர் 6 அன்று அண்ணல் மறைந்தார்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவை ஏற்கும். நோயால் இழந்த கூலியைத் தராது. இ.எஸ்.ஐ. அதில் 70 விழுக்காட்டைத் தருகிறது. மகப்பேற்றுக் காலத்திலும் ஊதியம் தருகிறது. தொழிலாளியின் 0.75 விழுக்காடும் வேலையளிப்பவரின் 3.25 விழுக்காடும் சேர்ந்து அந்த உரிமையை உறுதிசெய்கின்றன.

ஆயினும் நம் தெருக்களைத் துப்புரவு செய்வோரில் பலர் ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் இல்லாதவர்கள். ஒப்பந்தக்காரர் பங்களிப்பைக் கட்டாவிடில் முதன்மை வேலையளிப்பவரே பொறுப்பு என்கிறது சட்டம். அதைக் கேட்டுப் பெறுவதே அண்ணலின் பணியைத் தொடர்வதாகும்.