நாற்பதாண்டு உறக்கமும் ஏழாண்டுப் பயணமும்

ஹஜ்ஜுக்குப் புறப்படுவோரை வழியனுப்பச் சென்றிருப்பீர்கள். திரும்பி வந்தவர்களைக் கண்டு முஸாபஹா செய்து, ஸம்ஸம் நீரும் பேரீச்சம்பழமும் வாங்கி வந்திருப்பீர்கள். போன மனிதர்தாம் திரும்பி வந்தாரா, அன்றி வேறொரு மனிதர் வந்தாரா என்று எப்போதேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஹஜ்ஜுக்கெனப் புறப்பட்டு, ஏழாண்டுகள் கழித்து வேறு மனிதராகத் திரும்பிய ஒருவரின் வரலாற்றைச் சற்றே கேளுங்கள்.

நாசிர் குஸ்ரூ பாரசீக மொழியின் பெருங்கவிஞருள் ஒருவர். கி.பி. 1004ஆம் ஆண்டில், பல்கு நாட்டை அடுத்த குபாதியானில் பிறந்தவர். கல்வியிற் சிறந்தவர், ஸல்ஜூக்கிய ஆட்சியாளர்களின் கீழ் மர்வு நகரில் வருவாய்த்துறை அலுவலராகப் பணியாற்றியவர். பொருளுக்குக் குறைவில்லை, மதிப்புக்கும் குறைவில்லை. மதுப்பழக்கமும் உடனிருந்தது. இதனை நாம் துருவிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஸபர்நாமா எனும் தம் பயண நூலின் தொடக்கத்திலேயே அவர் ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டார். தம் குறையைத் தாமே பதிந்து வைக்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

1045ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அலுவல் நிமித்தம் ஜூஸ்ஜான் பகுதிக்குச் சென்றவர், ஒரு மாத காலம் மதுவில் மூழ்கிக் கிடந்தார். ஒரு நாள் இரவு கனவு கண்டார். அறிவை மயக்கும் பானத்தை எத்தனை காலம் பருகுவாய் என்று கனவில் ஒருவர் வினவினார். உலகத் துயரை மறக்க அறிஞர்கள் வேறு வழி காணவில்லையே என்றார் நாசிர். நினைவிழப்பது நிம்மதியாகாது, அறிவைப் பெருக்குவதைத் தேடு என்ற விடை வந்தது. அஃது எங்கே கிட்டும் என்று கேட்டதற்கு, தேடுபவன் அடைவான் என்று மொழிந்து, கிப்லாத் திசையைச் சுட்டிக் காட்டிவிட்டு அம்மனிதர் மறைந்தார். விழித்தெழுந்த நாசிருக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. நேற்றைய இரவின் உறக்கம் கலைந்தது. நாற்பதாண்டு உறக்கம் இனிமேல்தான் கலைய வேண்டும் என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

குளித்துப் பள்ளிவாசல் சென்று தொழுது, இறைவனிடம் உதவி வேண்டினார். பின்னர் மர்வு திரும்பிப் பதவியைத் துறந்தார். கணக்கு வழக்குகளை முடித்தார். 1046 மார்ச் மாதம் உடன்பிறந்தவரான அபூ ஸயீதுடனும், ஏவலுக்கு ஓர் இந்தியச் சிறுவனுடனும் புறப்பட்டார்.

வழிநெடுகிலும் அவருக்குள்ளிருந்த வருவாய் அலுவலர் விழித்தே இருந்தார். கோட்டை மதிலின் உயரம், கிணற்று நீரின் சுவை, அங்காடியில் ரொட்டியின் விலை, இவையெல்லாம் ஏட்டில் ஏறின. ஆயினும் சிரியாவிலுள்ள மஅர்ரத்துந் நுஃமான் நகரில் அவர் குறித்தது வேறு வகை. பார்வையிழந்த கவிஞர் அபுல் அலா அங்கே வாழ்ந்துவந்தார். ஊரே அவர் சொற்படி நடந்தது, செல்வமும் மிகுதி. அவரோ முரட்டுக் கம்பளி உடுத்து, வாற்கோதுமை ரொட்டியுடன் நாளைக் கழித்தார். உடைமையைக் கொண்டே மனிதரை எடைபோட்டுப் பழகிய அலுவலர் இதனை வியப்புடன் எழுதிவைத்தார்.

புறப்பட்டுச் சரியாக ஓராண்டில், 1047 மார்ச்சில், பைத்துல் முகத்தஸ் எய்தினார். அங்கும் புனித வளாகத்தை முழத்தால் அளந்தார்! அருகிலுள்ள கலீல் நகரில், இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில், வருவோர் யாராயினும் ஒரு ரொட்டியும், ஒலிவ எண்ணெயில் சமைத்த பருப்பும், உலர்ந்த திராட்சையும் வழங்கப்பட்டன. 500 பேர் வரை உண்ணும் நாள்களும் உண்டென்று கணக்கெழுதினார்.

அங்கிருந்து ஒரு சிறு கூட்டத்துடன் மக்காவை நோக்கிக் கால்நடையாகவே நடந்தார். அவ்வாண்டு எத்திசையிலிருந்தும் வணிகக் கூட்டம் வரவில்லை, உணவுக்குத் தட்டுப்பாடு, வழியிலோ கொள்ளையர் அச்சம். அரபாத்தில் நின்று கடமையை நிறைவேற்றித் திரும்பினார். கஃபத்துல்லாஹ்வை முதன்முதலாகக் கண்டவர் பக்கம் பக்கமாக எழுதியிருப்பார் என்றுதானே எண்ணுகிறீர்கள்? சில வரிகளோடு நிறுத்திக்கொண்டார். விரிவான வருணனையைத் தம் கடைசி ஹஜ்ஜுக்கு ஒதுக்கிவைத்தார். எதையும் உடனே அளந்தெழுதும் கை அங்கே மட்டும் காத்திருந்தது என்பதே எனக்கு அந்நூலில் மிகவும் பிடித்த இடம்.

பின்னர் கெய்ரோ சென்று சில ஆண்டுகள் தங்கினார். அங்கே பாத்திமிய்யா ஆட்சியாளரின் இஸ்மாயீலிக் கொள்கையைத் தழுவினார். அக்கொள்கையில் நம்மவர் பலருக்கும் உடன்பாடு இராது. அதனை வாதிக்க இஃது இடமன்று. நான்கு முறை ஹஜ்ஜு செய்த அவர், 1051ஆம் ஆண்டில் இறுதி ஹஜ்ஜை முடித்து அரபுப் பாலைவழியே தாயகம் திரும்பலானார்.

உண்மையான பாடம் அங்கேதான் காத்திருந்தது. ஃபலஜ் எனும் பாலைச் சிற்றூரில் நான்கு மாதங்கள் சிக்கிக்கொண்டார். கையில் மிஞ்சியவை இரண்டு பை நூல்கள். பசியும் பகையும் நிறைந்த அவ்வூரில் நூலை விலைக்கு வாங்குவார் யார்? தங்கியிருந்த பள்ளிவாசலின் சுவரில் ஒரு நாள் செந்நிறமும் நீலமும் குழைத்துக் கொடியும் இலையுமாக வரைந்தார். மக்கள் வியந்து கூடினர். மிஹ்ராபையும் அவ்வாறே அழகுபடுத்தினால் 100 மன் நிறை பேரீச்சம்பழம் தருவதாகப் பேசினர். அவரும் வரைந்தார், அப்பழத்தால் உயிர் பிழைத்தார். பின்னர், பஸ்ராவில் 30 தீனார் தருவதாகக் கடன் சொல்லி ஓர் ஒட்டகக்காரருடன் புறப்பட்டார். நூல்களை ஒட்டகத்தில் ஏற்றி, உடன்பிறந்தவரையும் அதன்மேல் அமர்த்திவிட்டு, வடவானத்து விண்மீன்களை நோக்கித் தாம் நடந்தார்.

1051 டிசம்பரில் பஸ்ராவை அடைந்தபோது கடுங்குளிர். இருவரும் இடையில் பழந்துணியும் முதுகில் ஒரு கந்தலுமாக நின்றனர். மூன்று மாதமாகத் தலைமுடியை அவிழ்த்ததில்லை. நூற்பையை விற்றுக் கிடைத்த சில திர்ஹங்களைக் காகிதத்தில் மடித்து ஹம்மாம் எனும் பொதுக் குளியலகத்தின் காவலரிடம் நீட்டினர். அவர் பித்தர்களென்று எண்ணி விரட்டினார். வாசலில் விளையாடிய சிறுவர்கள் கல்லெறிந்து கூவினர். அரசவையில் அமர்ந்தவர் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றார்.

அஹ்வாஸ் மன்னரின் அமைச்சர் அப்போது பஸ்ராவில் இருந்தார். கற்றறிந்த ஓர் ஏழை நண்பர் வழியாக நாசிரைப் பற்றிக் கேள்வியுற்று, குதிரை அனுப்பி அழைத்தார். கந்தலுடன் செல்ல நாணிய நாசிர் மன்னிப்புக் கோரி ஒரு மடல் எழுதினார். தம் வறுமை, புலமை இரண்டையும் அம்மடலே உரைக்கும் என்பது அவர் கருத்து. ஆடைக்கென 30 தீனார் வந்தது. ஒட்டகக்காரரின் கடனும் தீர்ந்தது.

நல்லாடை அணிந்து அதே ஹம்மாமுக்கு மீண்டும் சென்றனர். இம்முறை காவலரும் அங்கிருந்தோர் அனைவரும் எழுந்து நின்றனர்; பணிவிடை செய்தனர். அன்று விரட்டியது இவர்களைத்தான் என்று காவலர் தம் தோழரிடம் முணுமுணுத்தார். இவர்களுக்கு அரபு விளங்காதென்பது அவர் எண்ணம். நாசிர் அரபு மொழியிலேயே ஆமென்றார். காவலர் வெட்கி மன்னிப்புக் கேட்டார். இரு நிகழ்ச்சிகளுக்குமிடையே கழிந்தவை இருபது நாள்களே. நாசிர் அவர்மேல் சினம் கொண்டதாக நூலில் இல்லை. சிந்தித்துப் பார்த்தால், மர்வு அலுவலகத்து வாசலில் கந்தலுடன் வந்து நின்றோர் எத்தனை பேரோ!

1052 அக்டோபரில் பல்கை அடைந்தார். ஏழாண்டுகளாகக் காணாதிருந்த மற்றோர் உடன்பிறந்தவரைச் சந்தித்தார். கிளை வழிகள் நீங்கலாகக் கடந்த தொலைவு 2,220 பர்ஸக், அதாவது 13,000 கிலோ மீட்டருக்கும் மேல், என்று கடைசிக் கணக்கையும் எழுதினார். பழைய பதவிக்கு அவர் திரும்பவில்லை. கொள்கையின் பொருட்டுச் சொந்த ஊரிலிருந்தே விரட்டப்பட்டு, பதக்‌ஷான் மலைகளிடையே யும்கான் பள்ளத்தாக்கில் நூல்களும் கவிதைகளும் எழுதி எஞ்சிய நாள்களைக் கழித்தார். அங்கேயே அடக்கமாகியுள்ளார்.