சின்னச் சக்கரத்திற்கு வேகம் தந்தவர்

திருத்தணியிலிருந்து சென்னை செல்லும் சாலையில், விரைந்தோடிய சைக்கிள் கூட்டத்துக்கு ஈடுகொடுத்து மடக்கு சைக்கிள் ஒன்றும் சென்றதைக் கண்டு வியந்தேன். சக்கரமோ இரண்டு சாண்தான்! அதற்கு அந்த ஓட்டத்தைத் தந்தவர் ஒரு கால்நடை மருத்துவர், ஜான் பாய்டு டன்லப்.

1840-இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் தொழில் செய்தார். அந்நாளில் வேகமாகச் செல்ல ஆளுயரச் சக்கரம் வேண்டும். கெட்டி ரப்பர் சுற்றிய சிறு சக்கரம் கல்லில் மோதி எலும்பையே உலுக்கிவிடும். 1887-இல் தம் சிறு மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்குவதைக் கண்ட டன்லப், ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். முற்றத்தில் உருட்டிப் பார்த்தபோது பழைய சக்கரத்தைவிட அது வெகுதூரம் ஓடியது. 1888-இல் காப்புரிமை பெற்றார். 1889 மே மாதம் பெல்பாஸ்ட் பந்தயத்துக்கு வில்லி ஹியூம் இந்தத் தடித்த டயருடன் வந்தபோது கூட்டம் நகைத்தது. அவரே வென்றார்; நகைப்பும் நின்றது.

ஆயினும் 1845-லேயே ராபர்ட் தாம்சன் இதே எண்ணத்துக்கு உரிமை பெற்றிருந்தது தெரியவர, டன்லப்பின் காப்புரிமை செல்லாமற் போயிற்று. தாம்சனுக்கு அது நியாயமே. ஆனாலும் டன்லப்பை நினைத்தால் மனம் வருந்துகிறது. தம் பெயரால் வளர்ந்த நிறுவனத்தைவிட்டு விலகிய அவருக்குப் பெருஞ்செல்வம் கிட்டவில்லை. 1921-இல் டப்ளினில் காலமானார். நம் ரயில் பாதையிலுள்ள அம்பத்தூரிலும் அவர் பெயர் தாங்கிய டயர்த் தொழிற்சாலை ஒன்று பல ஆண்டுகள் இயங்கி வந்தது.