தலைகீழாகத் தொங்கிய தேவாலயம்

பார்சிலோனா நகரை அடுத்த ஒரு சிற்றூரில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், ஒரு கொட்டகையின் கூரையிலிருந்து ஏராளமான நூல்கள் தொங்கிக் கொண்டிருந்தன. அவற்றில் ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகள் கட்டப்பட்டிருந்தன. வழிப்போக்கர் எவரேனும் எட்டிப் பார்த்திருந்தால் பெரியதொரு சிலந்தி வலை என்றே எண்ணியிருப்பார். கட்டப்படவிருந்த ஒரு தேவாலயத்தின் தலைகீழ் வடிவம் அது. அதை அமைத்தவர் கட்டடக்கலைஞர் அந்தோனி கௌடி.

ஸ்பெயினின் காட்டலோனியா பகுதியில் 1852 ஜூன் 25 அன்று கௌடி பிறந்தார். தந்தை செம்புக் கொல்லர். மூட்டு வலியால் ஓடியாட முடியாத சிறுவன், தட்டையான செம்புத் தகடு சுத்தியலின் அடியில் குடமாகவும் கொப்பரையாகவும் எழுவதைப் பட்டறையில் கண்டு வளர்ந்தான். வெளியையும் வடிவத்தையும் கற்றது அங்கேதான் என்று பிற்காலத்தில் அவரே கருதினார். பிற கட்டடக்கலைஞர்களிடம் வரைவாளராக வேலை பார்த்துக்கொண்டே பார்சிலோனா கட்டடக்கலைப் பள்ளியில் பயின்று, 1878-இல் பட்டம் பெற்றார். 1883-இல், தமது 31-ஆம் வயதில், சக்ராடா ஃபமீலியா தேவாலயப் பணியை மற்றொருவரிடமிருந்து ஏற்றார்.

நெசவாலை அதிபர் எவ்செபி குயெல் அவருடைய புரவலர். தம் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் ஒரு தேவாலயம் கட்டித் தருமாறு 1898-இல் அவர் கேட்டுக்கொண்டார். ஐரோப்பியப் பழந்தேவாலயங்களின் உயர்ந்த சுவர்கள் சாயாமலிருக்க வெளியிலிருந்து முட்டுக் கொடுப்பார்கள். நோயாளியின் ஊன்றுகோலைப் போன்ற அந்த முட்டுகள் இல்லாமலே கட்டடம் நிற்க வேண்டும் என்று கௌடி விரும்பினார்.

இரு முனைகளில் கட்டித் தொங்கவிட்ட நூல், தன் மீதுள்ள சுமைக்கு ஏற்ற வளைவைத் தானே தேடிக்கொள்கிறது. அதில் இருப்பது இழுவிசை மட்டுமே. அதே வளைவைத் தலைகீழாக நிமிர்த்தினால் அமுக்கவிசை மட்டுமே எஞ்சும். கல்லும் செங்கல்லும் நன்கு தாங்குவது அதைத்தான். இந்த உண்மையை 17-ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் கண்டறிந்திருந்தார். ஒற்றை வளைவுக்குக் கணக்குப் போட்டுவிடலாம். ஒன்றோடொன்று பின்னிய பல வளைவுகளுக்கு அந்நாளில் கையால் கணக்கிடுவது பெரும்பாடு. ஆகவே கௌடி கணக்கை நூலிடமே ஒப்படைத்தார். பத்தில் ஒரு பங்கு அளவில் மாதிரி. பத்தாயிரத்தில் ஒரு பங்கு எடையில் ஈயப் பைகள். ஒரு பையை மாற்றினால் வலை முழுவதும் சற்றே அசைந்து புதிய நிலைக்கு வரும். அதைப் புகைப்படம் எடுத்து, படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அதன் மேலேயே வண்ணம் தீட்டித் தேவாலயத்தின் தோற்றத்தைக் கண்டார்.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இது வியப்பூட்டும் காட்சி. ஒரு விலை மாறினால் எல்லா விலைகளும் நகர்வதைச் சமன்பாடுகளால் விளக்கியே எங்கள் காலம் போயிற்று. பொறியியல் பயின்று பொருளாதாரத்துக்கு வந்த பில் ஃபிலிப்ஸ் 1949-இல் நீரோடும் குழாய்களைக் கொண்டு ஒரு நாட்டின் வருமான ஓட்டத்தைக் காட்டியபோதுதான் எங்கள் துறைக்கும் கையால் தொட்டுப் பார்க்கும் மாதிரி ஒன்று வாய்த்தது. ஆயினும் பாடம் எனக்கு ஏறவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பு, மண்சுவர்களைக் கட்டிப் பார்ப்பதையே ஆய்வு முறையாக முன்வைத்த ஓர் இளம் கட்டடக்கலைப் பட்டதாரியிடம், கருதுகோள் எங்கே என்று கேட்ட தேர்வுக் குழுவினருள் நானும் ஒருவன். அவர் அந்த ஆய்வைத் தொடரவில்லை.

குயெல் பொறுமை காத்தார். பத்தாண்டுகள் நூல்களோடு கழிந்த பின், 1908-இல்தான் கட்டுமானம் தொடங்கியது. 1914-இல் பணம் நின்றது. கீழ்த்தளம் மட்டுமே முடிந்திருந்தது. அதன் தூண்கள் விசை செல்லும் திசையிலேயே சாய்ந்து நிற்கின்றன. முதலீட்டுக் கணக்கில் இது தோல்வி. ஆனால், அங்கே கற்றதை கௌடி சக்ராடா ஃபமீலியாவுக்குக் கொண்டு சென்றார். நேர்கோடுகளை நகர்த்தியே உருவாக்கக்கூடிய வளைபரப்புகளைத் தேர்ந்து, பிளாஸ்டர் மாதிரிகளாகச் செய்து, வெட்டி, திருத்தி, மீண்டும் செய்தார். எழுதி வைத்தது மிகக் குறைவு. அவருடைய ஆய்வேடு அந்த மாதிரிகள்தாம்.

1926 ஜூன் 7 அன்று டிராம் வண்டி மோதி வீழ்ந்த முதியவரை, அவருடைய எளிய உடையைக் கண்டு யாரும் அடையாளம் காணவில்லை. மூன்றாம் நாள் இறந்தார். 1936-இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவருடைய பணிமனை சூறையாடப்பட்டது. வரைபடங்கள் எரிந்தன, மாதிரிகள் நொறுங்கின. சீடர்கள் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தனர். ஒழுங்கான வடிவியல் விதிப்படி அமைந்த பரப்புகள் என்பதால், உடைந்த துண்டிலிருந்தே முழு வடிவத்தையும் பின்வந்தோர் கணித்து மீட்க முடிந்தது.

நூல் மாதிரி மீளவில்லை. புகைப்படங்கள் சிலவே எஞ்சின. 1980-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகர ஆய்வாளர்கள் அதை மீட்டுருவாக்க முனைந்தனர். படங்களை வைத்து அளந்து கணக்கிட்டதோடு வேலை முடியவில்லை. அவர்களும் நூல்களைக் கட்டி, எடைப் பைகளைத் தொங்கவிட்டு, கௌடியைப் போலவே ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியிருந்தது.