துப்புயி சுவாமிகள்

பாஷை ஞானம் எத்துணைப் பெரிதாயினும் அன்பில்லாதவிடத்து அதனாற் பயனில்லையென அர்ச். சின்னப்பர் கொரிந்து நகரத்தார்க்குப் போதித்தார். இவ்வுண்மைக்குச் சான்றாய் நம் புதுவையில் வாழ்ந்தவர் லூயி சவினியேன் துப்புயி சுவாமிகள்.

பிரான்ஸ் தேசத்தில் 1806-ஆம் ஆண்டு பிறந்த இவர், பாரீஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்து 1832-இல் புதுச்சேரி வந்தனர். தமிழை ஐயந்திரிபறக் கற்று, மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தினர். வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851 முதல் 1853 வரை அங்கு அச்சேறிற்று. மூஸே சுவாமிகளுடன் இவர் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதியின் இரு பாகங்களும் 1855-இலும் 1862-இலும் வெளிவந்தன.

இவை புலமைக்குச் சான்றாம். அன்புக்குச் சான்று வேறுளது. குலஸ்திரீகள் எழுத்தறிதல் இழிவென்றும், அது தேவதாசிகளுக்கே உரியதென்றும் பலர் எண்ணிய காலமது. அச்சுக்கூடத்தினின்று எத்தனை நூல்கள் வெளிப்படினும், இல்லங்களிலுள்ள பெண்மக்களுக்கு அவற்றாற் பயனென்னை? சுவாமிகள் இக்குறையைப் பொறாராய், 1844-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள், பெண்குழந்தைகட்குக் கல்வி புகட்டுமாறு, இந்நாட்டுப் பெண்களைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதயக் கன்னியர் சபையைத் தாபித்தனர். ஊரார் வழக்கத்திற்கஞ்சி அவர் வாளாவிருந்திருப்பின், அப்பெண்களின் அறியாமை அவர்தம் மக்களையும் தொடர்ந்திருக்குமன்றோ?

1874-இல் சுவாமிகள் மறைந்தனர். அக்கன்னியரோ இன்றும் பள்ளிகளிற் போதித்து வருகின்றனர்.

அன்பர்களே, கிறிஸ்தவ வாழ்வின் அஸ்திவாரம் அன்பென நாம் நாவாரச் சொல்கின்றோம். நாம் பெற்ற கல்வியால் அயலார் எவர்க்கேனும் கண் திறந்ததுண்டோவென நம்மை நாமே வினவுவோமாக.