படமே இல்லாத மெக்கானிக்ஸ் புத்தகம்

எம்.இ. ரோபாட்டிக்ஸில் ஃபார்வர்டு கைனமாட்டிக்ஸ் வரைக்கும் எல்லாம் ஜாலிதான். மூட்டுக் கோணங்களைக் கொடுத்தால் ரோபோ கையின் முனை எங்கே நிற்கும்னு சொல்லிடலாம். அடுத்து டைனமிக்ஸ். இயக்க ஆற்றல் கழித்தல் நிலை ஆற்றல், அதற்குப் பெயர் லாக்ராஞ்சியன்னு போர்டில் எழுதிட்டு சார் அடுத்த வரிக்குப் போயிடுவார். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஆட்டோமேஷன் வேலைக்குப் போகணும்னு கனவோட படிக்கிற நம்ம பசங்க பல பேர் மனப்பாடத்துக்கு மாறுறது இந்த இடத்துலதான். அந்தப் பெயருக்குப் பின்னாடி இருந்த மனுஷனைக் கொஞ்சம் பார்ப்போம் நண்பர்களே.

ஜோசப் லூயி லாக்ராஞ்ச் 1736 ஜனவரி 25 அன்று, இன்றைய இத்தாலியில் உள்ள டூரின் நகரில் பிறந்தார். வசதியான குடும்பம்தான். ஆனால் அப்பா ஊக வணிகத்தில் பணத்தை எல்லாம் விட்டுட்டார். மகன் வக்கீல் ஆகணும்னு வீட்டில் ஆசை. பையனுக்கோ லத்தீன் இலக்கியம் பிடித்திருந்தது. கணக்கு பக்கம் திரும்பியது, வானியலாளர் ஹாலி எழுதிய ஒரு கட்டுரையைத் தற்செயலாகப் படித்த பிறகுதான். அதற்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே படித்தார். 19 வயதில் டூரின் பீரங்கிப் படைப் பள்ளியில் கணித ஆசிரியர். நம்ம செகண்ட் இயர் பசங்க வயசு!

அதே 1755-இல், அன்றைய ஐரோப்பாவின் மிகப் பெரிய கணித மேதையான ஆய்லருக்கு ஒரு கடிதம் போட்டார். ஆய்லர் படம் வரைந்து வடிவியல் வழியில் தீர்த்த ஒரு வகைக் கணக்குகளை, படமே இல்லாமல் வெறும் சமன்பாடுகளாலேயே தீர்க்க முடியும்னு அதில் காட்டியிருந்தார். ஆய்லர் அசந்து போனார். முன்பின் தெரியாத சின்னப் பையன்தானேன்னு ஒதுக்காமல் மனசாரப் பாராட்டிப் பதில் எழுதினார். 1766-இல் ஆய்லர் பெர்லின் அகாடமியை விட்டுக் கிளம்பியபோது, அந்த இடத்துக்கு வந்தவர் லாக்ராஞ்ச். இருபது வருஷம் அங்கே இருந்தார். மெக்கானிக்ஸ் முழுவதையும் ஒரே முறைக்குள் கொண்டுவரும் வேலை அங்கேதான் வளர்ந்தது.

அந்த முறை நமக்கு எங்கே உதவுது? ரெண்டு லிங்க் உள்ள ஒரு ரோபோ கையை எடுத்துக்குங்க. நியூட்டன் வழியில் போனால், ஒவ்வொரு லிங்க்கையும் தனியாகப் பிரித்து, மூட்டில் வரும் எதிர்விசைகளை எல்லாம் குறித்து, பிறகு அவற்றை ஒவ்வொன்றாக நீக்கணும். உராய்வில்லாத மூட்டின் எதிர்விசை எந்த வேலையும் செய்வதில்லை. அதனால் லாக்ராஞ்ச் வழியில் அது கணக்குக்குள்ளேயே வராது. மூட்டுக் கோணங்களில் ஆற்றலை எழுதி வகையிட்டால் போதும், மூட்டுக்கு ஒரு சமன்பாடு கிடைச்சிடும்.

அந்தச் சமன்பாடு நிறைய சொல்லும். தண்ணிக் குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புவதும், கையை நீட்டிப் பிடித்துத் திரும்புவதும் ஒண்ணா? அதே போலத்தான், முழங்கை மடங்கியிருக்கா நீண்டிருக்கா என்பதைப் பொறுத்துத் தோள் மோட்டார் உணரும் நிலைமம் மாறும். கை மடங்கிய நிலையில் மட்டும் பி.ஐ.டி. கெயினை ட்யூன் செய்தால், நீட்டும்போது அது திணறலாம். நிலை ஆற்றலைக் கோணத்தால் வகையிட்டால் ஈர்ப்பு உறுப்பு வரும். அந்த அளவு டார்க்கை மோட்டாருக்கு முன்கூட்டியே கொடுத்துட்டா, கையின் சொந்த எடையைத் தாங்குற வேலை கன்ட்ரோலருக்கு மிச்சம்.

லாக்ராஞ்சின் சொந்த வாழ்க்கை இவ்வளவு சீராக இல்லை. 1783-இல் மனைவி விட்டோரியா இறந்தார். 1787-இல் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த வருஷம் அவருடைய பெரிய நூலான மெக்கானிக் அனலிட்டிக் வெளிவந்தது. முழுப் புத்தகத்திலும் ஒரு படம்கூடக் கிடையாது. அதை முன்னுரையிலேயே பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் மனச்சோர்வு அவரை அப்படி அழுத்தியிருந்தது. அச்சாகி வந்த பிரதியை ரெண்டு வருஷம் பிரிக்காமலே மேசையில் வைத்திருந்தார்னு சொல்வாங்க.

பிரெஞ்சுப் புரட்சி வந்தது. 1793-இல் வெளிநாட்டவரைக் கைது செய்யும் சட்டத்திலிருந்து லாக்ராஞ்சைக் காப்பாற்றிக் கொடுத்தவர் வேதியியல் மேதை லவாய்சியர். அந்த லவாய்சியரே 1794 மே மாதம் கில்லட்டினில் கொல்லப்பட்டார். அதே வருஷம் பாரிஸில் எக்கோல் பாலிடெக்னிக் தொடங்கியது. ஏறத்தாழ அறுபது வயதில் லாக்ராஞ்ச் மறுபடியும் ஒரு பொறியியல் கல்லூரி வகுப்பறையில் நின்றார். சோர்ந்து கிடந்த மனுஷன் மாணவர்களுக்காகப் புதுசா பாடநூல்கள் எழுதினார். நம்ம டைனமிக்ஸ் சமன்பாட்டில் வரும் கோரியோலிஸ் உறுப்பு இருக்கே, அந்தக் கோரியோலிஸும் பின்னாளில் அதே கல்லூரியில் படித்தவர்தான்.

1813 ஏப்ரல் 10 அன்று, 77 வயதில் லாக்ராஞ்ச் மறைந்தார். யூனிமேட் என்ற முதல் தொழிற்சாலை ரோபோ கை வேலைக்கு வந்தது 1961-இல், அதாவது 148 வருஷம் கழித்து. அவர் ரோபோவைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் முறைக்கு ஊசல், நிலா, ரோபோ எல்லாமே ஒண்ணுதான்.

அதனால மக்களே, பரீட்சைக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் ஒதுக்குங்க. சாஃப்ட்வேரைத் திறக்காமல், ரெண்டு லிங்க் கைக்கு லாக்ராஞ்சியனைக் கையாலேயே எழுதிப் பாருங்க. மூணு பக்கம் போகும், போகட்டும். பிறகு ஆறு மூட்டுள்ள கை முன்னால் நிற்கும்போது, அது ஏன் அப்படி ஆடுதுன்னு உங்களுக்குத் தெரியும்.