வெட்டும் வெட்டாமையும்: ஆல்பிரட் ஹிட்ச்காக்கின் திரைவாழ்வில் வன்முறை

திரைப்பட வன்முறையை ஆராய்வோர் ஆல்பிரட் ஹிட்ச்காக்கை 1960இல் வெளிவந்த 'சைக்கோ'வைக் கொண்டே பெரிதும் மதிப்பிடுகின்றனர். அவரது வாழ்வில் 1945ஆம் ஆண்டுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

லண்டனை அடுத்த லெய்டன்ஸ்டோனில் 1899 ஆகஸ்ட் 13 அன்று காய்கறி வணிகர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். சிறுவயதில் தந்தை தம்மைக் காவல் நிலையத்திற்கு அனுப்பிச் சிறிது நேரம் அடைத்துவைக்கச் செய்ததாக அவர் பலமுறை கூறியுள்ளார். அது நிகழ்ந்ததோ புனைந்ததோ, தொல்காப்பியர் அச்சத்திற்கு வகுத்த நான்கு நிலைக்களன்களுள் இறுதியதாகிய 'இறை' அவர் படங்களில் ஓயாது தலைகாட்டுகிறது. ஊமைப்படங்களுக்கு எழுத்தட்டை வரைபவராகத் திரைத்துறையில் நுழைந்த அவர், 1926இல் படத்தொகுப்பில் வல்லவரான அல்மா ரெவில்லை மணந்தார்.

ஆபத்தைப் பாத்திரம் அறியாதிருக்க, பார்வையாளர் அறிந்திருக்க வேண்டும் என்பதே அவரது பதற்றக் கலையின் அடிப்படை. 1936இல் வந்த 'சபோட்டாஜ்' படத்தில் சிறுவன் ஒருவன் வெடிகுண்டு என்றறியாமல் ஒரு பொதியைச் சுமந்து செல்கிறான். பார்வையாளர் அறிவர். குண்டு வெடிக்கிறது, சிறுவன் இறக்கிறான். பார்வையாளரைப் பதற்றத்தில் நிறுத்திவிட்டு அதிலிருந்து விடுவிக்காதது பிழை எனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

1939இல் அமெரிக்காவில் குடியேறிய அவரை, போர் முடிந்த 1945இல் நண்பர் சிட்னி பெர்ன்ஸ்டைன் லண்டனுக்கு அழைத்தார். பெர்கன்-பெல்சன் முதலிய வதைமுகாம்களில் படைப்பிரிவு ஒளிப்பதிவாளர்கள் எடுத்த காட்சிகளைக் கொண்டு ஆவணப்படம் ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. ஹிட்ச்காக் அதற்கு ஆலோசகர் மட்டுமே. எந்தக் காட்சியையும் அவர் படமாக்கவில்லை. ஆயினும் அவர் வழங்கிய ஆலோசனை வியப்புக்குரியது. காட்சிகளை இயன்றவரை வெட்டாமல் நீளமாக வைக்க வேண்டும். பிணங்களும் அவற்றைக் காண நிறுத்தப்பட்ட உள்ளூர் மக்களும் ஒரே நகர்வில் தெரிய வேண்டும். இல்லையேல் இவை புனைவு என்று பிற்காலத்தார் மறுப்பர். வெட்டினால் பொய்யை மெய்யாக்கலாம் என்பதை நன்கறிந்தவர், மெய்யைக் காக்க வெட்டைத் தவிர்க்கச் சொன்னார்.

'சைக்கோ'வின் குளியலறைக் கொலை இதற்கு நேர்மாறானது. ஏழு நாள் படமாக்கப்பட்ட அக்காட்சி, திரையில் ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரத்தில் சிறு துண்டுகளாக விரைந்தோடுகிறது. இரத்தமாகப் பயன்பட்டது சாக்லேட் பாகு. கத்தி உடலில் பாய்வதைக் கண்டதாகவே பலரும் நம்புகின்றனர்; அக்கொலையின் பெரும்பகுதியை நிகழ்த்துவது அவர்கள் மனமே.

1966இல் வந்த 'டோர்ன் கர்ட்டன்' படத்திலோ, ஒரு மனிதனைக் கொல்வது எத்துணைக் கடினம் என்பதை இசையின்றி, நீளமாகக் காட்டினார். கத்தியும் மண்வாரியும் போதாமல், இறுதியில் அம்மனிதனின் தலை எரிவாயு அடுப்பினுள் அழுத்தப்படுகிறது. முகாம்களின் நச்சுவாயு அறைகளை எண்ணாமல் இக்காட்சியைக் காண இயலவில்லை.

அரசியல் சூழல் மாறியதால் முகாம் ஆவணப்படம் 1945இலேயே கிடப்பில் போடப்பட்டது. 1980 ஏப்ரல் 29 அன்று ஹிட்ச்காக் மறைந்தபோதும் அது பொதுமக்கள் பார்வைக்கு வந்திருக்கவில்லை. முற்றுப்பெறாத வடிவம் 1984இல் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது; லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் நிறைவுசெய்த வடிவம் 2014இல் வெளிவந்தது.