மடியில் கனம் சுமந்த வ.வே.சு. ஐயர்

1909-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி இரவு. லண்டனில் இம்பீரியல் இன்ஸ்டிட்யூட் மண்டபத்தில் இந்திய மாணவர்களுக்காக நடந்த உபசாரக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இந்தியா மந்திரியின் காரியாலயத்தைச் சேர்ந்த கர்ஸன் வைலியை ஒரு பஞ்சாபி வாலிபர் நெருங்கினார். அடுத்த நொடியில் துப்பாக்கி வெடித்தது. வைலி மாண்டார். தடுக்க வந்த டாக்டர் லால்காகா என்ற பார்சி கனவானும் மாண்டார். வாலிபர் துப்பாக்கியைத் தம் நெற்றிப் பொட்டிலேயே வைத்து அழுத்தினார். குண்டு இல்லை; வெறும் ஓசைதான் கேட்டது.

அவர்தான் மதன்லால் திங்ரா. போலீசார் சோதித்தபோது, குண்டுகள் நிரப்பிய இன்னொரு துப்பாக்கியும் ஒரு கத்தியும் அவர் உடையில் இருந்தன. ஒன்று பொய்த்தால் மற்றொன்று என்று எண்ணி வந்திருக்கிறார். ஆனால் இரண்டாவதன் மேல் கை போவதற்குள் கூட்டம் அவரைப் பிடித்து அமுக்கிவிட்டது. அடுத்த மாதம் 17-ஆம் தேதி அவர் தூக்கிலிடப்பட்டார்.

திங்ரா குறிபார்த்துச் சுடப் பழகியது டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டிலிருந்த ஒரு சுடுபயிற்சிக் கூடத்தில். இந்தியா ஹவுஸ் வாலிபர்கள் சிலர் அங்கே காசு கொடுத்துப் பழகி வந்தார்கள். அவர்களில் ஒருவர் நம் திருச்சியை அடுத்த வரகனேரிக்காரர். வேங்கடேச சுப்பிரமணிய ஐயர்.

பாரிஸ்டர் ஆகப் போனவர்

ஐயர் பிறந்தது 1881-ல். திருச்சி செயிண்ட் ஜோஸப் கல்லூரியில் படித்து, வக்கீல் பரீட்சையில் தேறி, திருச்சியிலும் பிறகு ரங்கூனிலும் தொழில் பார்த்தார். பாரிஸ்டர் பட்டம் பெற்றுவந்தால் செல்வம் கொழிக்கும் என்று 1907-ல் சீமைக்குக் கப்பல் ஏறினார். அங்கே கிடைத்தது ஸாவர்க்கரின் நட்பு. படிப்பை முடித்தும், மன்னருக்கு ராஜபக்திப் பிரமாணம் செய்ய மனமில்லாமல் பட்டத்தை உதறினார்.

திங்ரா தூக்கிலேறிய இரண்டு மாதங்களுக்குப் பின், லண்டன் இந்தியர்கள் விஜயதசமி விருந்து ஒன்று நடத்தினார்கள். டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் முதலானோர் சமையல். மெலிந்த மனிதர் ஒருவர் வந்து, யார் என்று சொல்லாமலே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். ஐயர் வந்து பார்த்த பிறகுதான் அவரே அன்றைய தலைவர் காந்தி என்று மற்றவர்களுக்குத் தெரிந்ததாம். துப்பாக்கி பழகிய கையும் துப்பாக்கியே வேண்டாம் என்ற கையும் அன்று ஒரே பந்தியில் உண்டன.

1910 மார்ச்சில் ஸாவர்க்கர் கைதானார். அடுத்து ஐயர்தான் என்பது யாவருக்கும் தெரியும். தாடி வளர்த்து, தலைப்பாகை கட்டி, சீக்கியராக மாறித் தப்பினார். பெட்டியில் வ.வே.சு. என்பதற்கான ஆங்கில முதலெழுத்துக்கள்! சந்தேகப்பட்ட ஒருவன் அவர் பெயருக்குத் தந்தி வந்திருப்பதாக நீட்டினான். ஐயர் கலங்கவில்லை. தாம் வீர விக்ரம சிங் என்றும், தந்தி வேறு யாருக்கோ என்றும் சொல்லிவிட்டார். பிறகு முஸ்லிம் பக்கிரி வேஷம். அவ்வாண்டின் இறுதிக்குள், பாரதியாரும் அரவிந்தரும் தங்கியிருந்த பிரெஞ்சுப் புதுச்சேரியை அடைந்தார்.

வேட்டி கட்டிய ஊரில்

சீமையில் ஆயுதத்தை மறைப்பது பெரிய வித்தையல்ல. குளிருக்குக் கனத்த கோட்டு அணியாதவர் யார்? அதன் ஆழமான பைகளில் எது இருந்தாலும் வெளியே தெரியாது. நம் ஊரில் வேட்டி, துண்டு. மடியில் பொடி டப்பியும் சில்லறையும் செருகலாம். துப்பாக்கியைச் செருகினால் அதன் கனத்திலேயே வேட்டி நழுவும். எடுக்கும் அவசரத்தில் மடிப்பில் சிக்கும். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று நம் பெரியவர்கள் பணத்தைப் பற்றிச் சொன்னது இதற்கும் பொருந்தும். பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் துப்பாக்கியை அக்காலத்துப் புரட்சிக்காரர்கள் விரும்பியதற்குக் காரணம் உண்டு. ரிவால்வருக்கு உள்ள உருளை அதற்கு இல்லை, தட்டையானது, பையில் புடைத்துக் காட்டாது.

1911 ஜனவரியில் ஒரு வாலிபர் மூன்று மாத லீவு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தார். செங்கோட்டைக்காரர்; புனலூரில் திருவாங்கூர் வன இலாகாவில் உத்தியோகம்; மணமானவர். அவர்தான் வாஞ்சி. அவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவர் ஐயர்.

ஜூன் 17. மணியாச்சி ஜங்ஷன். காலை பத்தரை மணி தாண்டியிருந்தது. திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ், கொடைக்கானலிலிருந்த குழந்தைகளைப் பார்க்க மனைவியுடன் முதல் வகுப்பு வண்டியில் உட்கார்ந்திருந்தார். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியதில் ஆஷுக்குப் பங்கு உண்டு என்பது தென்பாண்டிச் சீமையின் கோபம். வேட்டியும் கோட்டுமாக வாஞ்சி வண்டியில் ஏறினார். துணையாக வந்த சங்கரகிருஷ்ணன் அருகில் நின்றார். பிரௌனிங் வெளிவந்தது. மனைவியின் கண்ணெதிரே ஆஷ் மார்பில் குண்டு பாய்ந்து சாய்ந்தார்.

வாஞ்சியிடம் இரண்டாவது துப்பாக்கி இல்லை, வேண்டியிருக்கவும் இல்லை. பிளாட்பாரத்துக் கக்கூசுக்குள் ஓடி, அதே துப்பாக்கியை வாயில் வைத்துச் சுட்டுக்கொண்டார். திங்ராவுக்குப் பொய்த்தது வாஞ்சிக்குப் பொய்க்கவில்லை. வயது 25. பையில் ஒரு கடிதம் இருந்தது. தேச ஆவேசத்தோடு, பிறப்பைக் காட்டி இகழும் சொல்லும் அதில் உண்டு. இன்று அதைப் படிக்கிறவர் அந்த இடத்தில் தயங்கவே செய்வார்.

சதி வழக்கில் நீலகண்ட பிரம்மசாரிக்கு ஏழு ஆண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டு சிறை. கைதுக்கு அஞ்சி இருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். கற்றுக்கொடுத்தவரோ பிரெஞ்சு எல்லைக்குள் இருந்தார். சட்டம் அவரைத் தொட முடியவில்லை.

சட்டம் தொடாததை ஒற்றர்கள் தொடப் பார்த்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் வேலைக்காரி நீர் இறைத்தபோது ஒரு ஜாடி வந்தது. உள்ளே ராஜத்துரோகப் பிரசுரங்கள்! யாரோ கொண்டுவந்து போட்டவை. மறைப்பதில் தேர்ந்தவர் வீட்டிலேயே பிறர் மறைத்துவிட்டார்கள். ஐயரும் நண்பர்களும் தாமே பிரெஞ்சுப் போலீசாரிடம் சொல்லிவிடவே, சூழ்ச்சி பலிக்கவில்லை.

பேனாவும் பந்தியும்

பத்து ஆண்டு புதுச்சேரி வாசத்தில் துப்பாக்கி இருந்த இடத்தில் ஏடு வந்தது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். குளத்தங்கரை அரசமரம் என்ற கதை எழுதினார். 1920-ல் பொது மன்னிப்பு கிடைத்துத் தாய்நாடு திரும்பியவர், பாத்திரம் கழுவிய அந்த மனிதரின் கட்சியில் சேர்ந்தார். தேசபக்தன் பத்திரிகைக்காக ஒன்பது மாதச் சிறை. பெல்லாரிச் சிறையில் கம்பனைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆராய்ச்சி எழுதினார்.

பிறகு சேரன்மாதேவியில் குருகுலம். காங்கிரஸ் பணமும் பொதுமக்கள் பணமும் அதில் இருந்தன. பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனிப் பந்தி என்ற செய்தி வெளிவந்ததும் நாடே கொதித்தது. ஸாவர்க்கருக்காகவும் வாஞ்சிக்காகவும் உயிரைப் பணயம் வைத்தவர், இரண்டு பிள்ளைகளின் பெற்றோருக்குக் கொடுத்த வாக்கை மீற முடியாது என்று நின்றார். பெரிய பிடிவாதங்களை விட்டவர் இந்தச் சிறிய பிடிவாதத்தை விடாதது தமிழ்நாட்டுக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் என்றே தோன்றுகிறது. குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். 1925 ஜூன் மாதம் பாபநாசத்தில், கல்யாணதீர்த்த அருவியில் விழுந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, மகளோடு தாமும் மாண்டார்.

அவ்வாண்டு நவம்பரில், கோயில் மணியும் பட்டுத்தறியும் ஒலிக்கும் காஞ்சீபுரத்தில் தமிழ் மாகாண காங்கிரஸ் மாநாடு கூடிற்று. சேரன்மாதேவிப் பந்தியின் கசப்பு பலர் நெஞ்சில் ஆறாமலே இருந்தது. வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைத் தலைவர் திரு.வி.க. அனுமதிக்கவில்லை. ஈ.வெ.ரா. எழுந்து பந்தலை விட்டு வெளியேறினார்.